கிரெடிட் கவுன்சலிங் போனால் ஸ்கோர் விழுமா? கடனை அடைக்கும் வழிகள், ஓர் ஒப்பீடு

அமெரிக்காவில் கிரெடிட் கார்டு கடன் கழுத்துவரை வந்துவிட்ட ஒருவரிடம் "கிரெடிட் கவுன்சலிங் போய்ப் பாருங்களேன்" என்று சொன்னால், பெரும்பாலும் வருகிற முதல் பதில், "ஐயோ, ஸ்கோர் அடிபட்டுடுமே!" என்பதுதான். ஸ்கோர் என்பது, வாங்கிய கடனை ஒழுங்காகக் கட்டுவீர்களா என்று மதிப்பிடுகிற கிரெடிட் ஸ்கோர் எண். நாளைக்கு வீடு வாங்க வேண்டும், கார் லோன் வேண்டும், வாடகைக்கு வீடு பார்த்தால்கூட ஸ்கோர் கேட்கிறார்கள். பயம் நியாயமானதே. ஆனால் அந்தப் பயத்திலேயே மாதாமாதம் மினிமம் மட்டும் கட்டி இழுத்துக்கொண்டு போய், ஒரு கட்டத்தில் அந்த மினிமத்தையும் தவறவிடுகிறவர்கள் ஏராளம். ஸ்கோரை உண்மையில் உடைப்பது அந்தத் தவறிய தவணை. முப்பது நாள் தாமதமானால் அது உங்கள் கடன் வரலாற்றைக் காட்டுகிற கிரெடிட் ரிப்போர்ட்டில் ஏறும். ஏறினால் ஏழு வருடம் இருக்கும்.

அதனால் எந்த வழியைப் பார்த்தாலும் முதலில் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இந்த வழியில் என் தவணைகள் விட்டுப்போகாமல் கட்டப்படுமா? பாதிப் பதில் அதிலேயே கிடைத்துவிடும்.

பேசுவது வேறு, திட்டத்தில் சேர்வது வேறு

இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் வீண் பயம். லாப நோக்கமில்லாத ஒரு கவுன்சலிங் நிறுவனத்தை அழைத்தால் முதல் உரையாடல் பெரும்பாலும் இலவசம். ஏறக்குறைய ஒரு மணி நேரம் போகும். சம்பளம், வாடகை, மளிகை, ஒவ்வொரு கார்டிலும் எவ்வளவு பாக்கி, என்ன வட்டி என்று எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொள்வார்கள். ஊருக்கு மாதாமாதம் அனுப்புகிற பணத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அது இல்லாமல் போடுகிற பட்ஜெட் இரண்டு மாதம்கூட நிற்காது.

உங்கள் அனுமதியோடு கிரெடிட் ரிப்போர்ட்டையும் எடுத்துப் பார்ப்பார்கள். அது சாஃப்ட் இன்க்வயரி வகை. ஸ்கோர் கணக்கில் சேராது. பேசி முடித்து, ஒரு பட்ஜெட்டை வாங்கிக்கொண்டு, "சரி, நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிடலாம். அதுவரை ஸ்கோரில் ஒரு புள்ளிகூடக் குறையாது.

செலவைச் சுருக்கியும் கடன் அடையாது என்று தெரிந்தால்தான் டெட் மேனேஜ்மென்ட் பிளான் என்ற அடுத்த படி வரும். சுருக்கமாக டி.எம்.பி. கவுன்சலிங் நிறுவனம் கார்டு கம்பெனிகளோடு பேசி வட்டியைக் குறைக்கும். மாதம் ஒரே தொகையை நீங்கள் நிறுவனத்திடம் கட்டுவீர்கள். அவர்கள் பிரித்து ஒவ்வொரு கார்டுக்கும் அனுப்புவார்கள். மூன்று முதல் ஐந்து வருடத்தில் கணக்கு தீர்ந்துவிடும். இதில் அசலில் தள்ளுபடி கிடையாது, முழுக் கடனையும் கட்டுகிறீர்கள். ஸ்கோருக்கு இந்தத் திட்டம் பகையாக இல்லாமல் இருப்பதற்கு அதுவே காரணம். கார்டு, மெடிக்கல் பில் மாதிரி ஈடு வைக்காத கடன்கள்தான் இதில் சேரும். வீட்டுக் கடன், கார் லோன் சேராது.

டி.எம்.பி. ஸ்கோரை எங்கே தொடுகிறது

கடன் கொடுப்பவர்கள் பரவலாகப் பார்க்கிற கிரெடிட் ஸ்கோரான ஃபைகோ ஸ்கோர் 300 முதல் 850 வரை. அதில் 35 சதவீதம் தவணைகளை ஒழுங்காகக் கட்டினீர்களா என்பதற்கு. 30 சதவீதம் எவ்வளவு பாக்கி வைத்திருக்கிறீர்கள் என்பதற்கு. மிச்சத்தில் 15 சதவீதம் கணக்குகளின் வயதுக்கு, புதுக் கடனுக்குப் பத்து, கடன் வகைகளின் கலவைக்குப் பத்து.

டி.எம்.பி.யில் சேர்ந்ததும் சில கார்டு கம்பெனிகள் அந்தக் கணக்கின்மேல் "கவுன்சலிங் நிறுவனம் மூலம் கட்டப்படுகிறது" என்ற பொருளில் ஒரு குறிப்பைச் சேர்க்கும். எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான். ஆனால் ஃபைகோ கணக்கு இந்தக் குறிப்பை நல்லதாகவும் எடுப்பதில்லை, கெட்டதாகவும் எடுப்பதில்லை. கடன் கொடுக்கிற இடத்தில் ஒரு ஆள் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துப் படித்தால் அவர் கண்ணில் படலாம், அவ்வளவுதான். திட்டம் முடிந்ததும் அந்தக் குறிப்பு போய்விட வேண்டும்.

உண்மையான அடி வேறு இடத்தில் விழுகிறது. திட்டத்தில் சேர்கிற கார்டுகளை மூடிவிடுவார்கள். அந்த 30 சதவீதப் பகுதியில், மொத்த லிமிட்டில் எவ்வளவு பயன்படுத்தியிருக்கிறீர்கள் என்ற விகிதம் பெரிய விஷயம். உதாரணத்துக்கு, 30,000 டாலர் லிமிட் உள்ள கார்டுகளில் 24,000 டாலர் பாக்கி. கூடவே 6,000 டாலர் லிமிட்டோடு பாக்கியே இல்லாத ஒரு கார்டும் இருக்கிறது என்று வையுங்கள். இப்போது விகிதம் 67 சதவீதம். அந்தக் காலி கார்டையும் மூடினால் 80 ஆகிவிடும். ஸ்கோர் கொஞ்சம் இறங்கும். ஆனால் 67 சதவீதத்திலேயே ஸ்கோர் ஏற்கெனவே அடிபட்டுத்தான் இருக்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். லிமிட்டைத் தொட்டுக்கொண்டிருக்கிற ஒருவருக்குக் கார்டு மூடுவதால் புதிதாகப் போவது அதிகமில்லை. காலி கார்டு ஒன்றை அவசரத்துக்கு வைத்துக்கொள்ள முடியுமா என்று கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேளுங்கள். சில நிறுவனங்கள் விடுகின்றன.

கணக்கின் வயது போய்விடுமே என்றும் கேட்பார்கள். ஒழுங்காகக் கட்டி மூடிய கணக்கு, மூடிய பிறகும் பத்து வருடம்வரை ரிப்போர்ட்டில் இருக்கும், ஃபைகோ அதன் வயதையும் கணக்கில் எடுக்கும். ஆகவே இந்த அடி உடனே விழாது.

அப்புறம் நல்ல பக்கம் தொடங்குகிறது. மாதாமாதம் பாக்கி குறைகிறது. 35 சதவீதப் பகுதியில் ஒவ்வொரு மாதமும் "நேரத்தில் கட்டினார்" என்று ஏறுகிறது. ஏற்கெனவே தவணை தவறியவர்களுக்கு இன்னொரு உதவியும் உண்டு: திட்டத்தின்படி தொடர்ந்து மூன்று தவணை கட்டிவிட்டால், சில கம்பெனிகள் அந்தக் கணக்கை "நடப்பில் இருக்கிறது" என்று மாற்றிவிடும். ரீ-ஏஜிங் என்பார்கள். பழைய தாமதங்கள் அழியாது, ஆனால் புதிதாக ஏறுவது நின்றுவிடும்.

ஓர் எச்சரிக்கை. திட்டத்தில் சேர்ந்த அன்றே எல்லாக் கம்பெனிகளும் ஒப்புக்கொண்டுவிடாது; சில வாரங்கள் ஆகலாம். அந்த இடைவெளியில் "இனி அவர்கள் கட்டுவார்கள்" என்று நீங்கள் நிறுத்திவிட்டால், நல்ல நோக்கத்தோடு போய் ஒரு தாமதத்தை வாங்கிக்கொண்டு வருவீர்கள். ஒவ்வொரு கம்பெனியும் சம்மதித்தது எழுத்தில் தெரியும்வரை மினிமத்தை நீங்களே கட்டுங்கள். பிறகும் முதல் சில மாதம் ஒவ்வொரு கார்டு ஸ்டேட்மென்ட்டையும் எடுத்து, பணம் எந்தத் தேதியில் போய்ச் சேர்ந்தது என்று பாருங்கள். நிறுவனம் தாமதமாக அனுப்பினாலும் ரிப்போர்ட்டில் ஏறுவது உங்கள் பெயரில்தான்.

கணக்குப் போட்டுப் பார்த்தால்

அதே 24,000 டாலரை எடுத்துக்கொள்வோம். வட்டி 22 சதவீதம். ஐந்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 663 டாலர் வேண்டும். மொத்த வட்டி கிட்டத்தட்ட 15,800. டி.எம்.பி.யில் வட்டி 8 சதவீதமாக இறங்கினால் தவணை சுமார் 487, மொத்த வட்டி 5,200. நிறுவனத்தின் மாதக் கட்டணம் 40 டாலர் என்று வைத்தால் ஐந்து வருடத்துக்கு 2,400 சேரும். அப்படியும் எட்டாயிரம் டாலருக்குமேல் மிச்சம். மாதம் 527-தான் போகிறது என்பதால் தவணை தவறுகிற வாய்ப்பும் குறைகிறது, ஸ்கோருக்கு வேண்டியதும் இதுதானே. ஒவ்வொரு கம்பெனியும் வட்டியை எவ்வளவு இறக்கும் என்பது வேறுபடும். அந்த எண்ணை முன்பே கேட்டு வாங்கிக்கொண்டு இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

லோன் வாங்கி அடைப்பது

ஸ்கோரை மட்டும் வைத்துப் பார்த்தால் இதுதான் முதலிடம். ஒரு பர்சனல் லோன் வாங்கி எல்லாக் கார்டையும் அடைத்துவிட்டால் கார்டு விகிதம் ஒரே மாதத்தில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். கார்டுகள் மூடப்படுவதில்லை. லோனுக்கு விண்ணப்பித்ததற்கு ஒரு ஹார்ட் இன்க்வயரி, அதாவது ஸ்கோரில் சேர்கிற வகை விசாரணை, ஏறும். சில புள்ளிகள் போகும். ஃபைகோ அதை 12 மாதம்தான் கணக்கில் எடுக்கும்.

சிக்கல் என்னவென்றால், இந்த வழி ஸ்கோர் நன்றாக இருக்கிறவர்களுக்குத்தான் திறக்கிறது. 13 சதவீதத்தில் லோன் கிடைத்தால் மேலே சொன்ன கடனுக்குத் தவணை சுமார் 546, வட்டி 8,800. நல்ல கணக்கு. ஸ்கோர் இறங்கியவர்களுக்குச் சொல்கிற வட்டியோ கார்டு வட்டியையே தொடும், அதற்குமேல் தொடக்கக் கட்டணம் வேறு. அந்த நிலையில் லோன் வாங்குவதில் பொருளில்லை. பாக்கியைப் புதுக் கார்டுக்கு மாற்றுகிற பேலன்ஸ் டிரான்ஸ்ஃபரும் இதே கதைதான்: 12 முதல் 21 மாதம்வரை வட்டியே இல்லை, மாற்றுக் கட்டணம் பெரும்பாலும் 3 முதல் 5 சதவீதம், ஆனால் நல்ல ஸ்கோர் வேண்டும். அந்தக் காலத்துக்குள் முடிக்கக்கூடிய சிறிய கடனுக்குத்தான் பொருந்தும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். லோன் வாங்கியதும் கார்டுகள் எல்லாம் காலியாக, லிமிட்டோடு, கையில் இருக்கும். கடன் வந்ததற்கான காரணம் ஒரு வேலையிழப்போ ஆஸ்பத்திரிச் செலவோ என்றால் பரவாயில்லை. மாதச் செலவே வருமானத்தை மிஞ்சியதால் வந்த கடன் என்றால், இரண்டு வருடத்தில் லோனும் இருக்கும், கார்டும் நிறைந்திருக்கும். அப்படிப்பட்டவர்களுக்குக் கார்டை மூடுகிற டி.எம்.பி.தான் நல்லது என்று நான் உறுதியாக நினைக்கிறேன், ஆரம்பத்தில் சில புள்ளிகள் போனாலும்.

கார்டு கம்பெனியிடமே நேராகப் பேசுவது

ஒரே ஒரு கார்டில்தான் சிக்கல் என்றால் யாரும் நடுவில் வேண்டாம். ஹார்ட்ஷிப் புரோகிராம், அதாவது பணக் கஷ்டத்தில் இருப்பவர்களுக்கான சலுகைத் திட்டம், இருக்கிறதா என்று கேளுங்கள். வட்டியைச் சில மாதம் குறைப்பார்கள். கார்டை நிறுத்தி வைக்கவோ மூடவோ செய்யலாம். ஒப்புக்கொண்ட தொகையை நேரத்தில் கட்டினால் ரிப்போர்ட்டில் எப்படி எழுதுவார்கள் என்பதை அப்போதே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

செட்டில்மென்ட்: பெயரில் ஏமாறாதீர்கள்

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் மிகப் பெரிய சேதம் இங்கேதான் நடக்கிறது. விளம்பரத்தில் "பாதிக் கடனைக் கட்டினால் போதும்" என்று வருவது டெட் செட்டில்மென்ட். கேட்பவருக்கு அது கவுன்சலிங் மாதிரியே தோன்றும். போனில் பேசுகிறவரும் அன்பாகத்தான் பேசுவார். ஆனால் வேலை செய்கிற விதம் நேர் எதிர்.

டி.எம்.பி. தவணையைக் கட்ட வைக்கிறது. செட்டில்மென்ட்டில் பெரும்பாலும் தவணையை நிறுத்தச் சொல்வார்கள். அந்தப் பணத்தைத் தனிக் கணக்கில் சேர்த்து, கார்டு கம்பெனி சலித்துப்போய்க் குறைந்த தொகைக்குச் சம்மதிக்கும்வரை காத்திருப்பதுதான் உத்தி. அதுவரை 30 நாள், 60 நாள், 90 நாள் என்று தாமதம் ஏறிக்கொண்டே போகும். வழக்கமாக 180 நாளில் கம்பெனி அந்தக் கடனை சார்ஜ்-ஆஃப் செய்யும், அதாவது வாராக் கடன் என்று தன் கணக்கில் எழுதிவிடும்; கடன் உங்கள் மேல் அப்படியே இருக்கும். வசூல் நிறுவனத்துக்கு விற்கலாம். வழக்கும் போடலாம். ஐந்து கார்டு இருந்தால் ஐந்திலும் இதே கதை. கடைசியில் தீர்ந்த கணக்கிலும் "முழுத் தொகைக்குக் குறைவாகத் தீர்க்கப்பட்டது" என்று இருக்கும். தவணை முதன்முதலில் தவறிய நாளிலிருந்து ஏழு வருடம்.

பணக் கணக்கிலும் சொன்ன அளவுக்கு மிச்சமாகாது. 24,000-ஐ 12,000-க்குத் தீர்த்தார்கள் என்று வையுங்கள். கட்டணம் பொதுவாகச் சேர்த்த கடனில் 15 முதல் 25 சதவீதம். 25 என்றால் 6,000 டாலர். மன்னிக்கப்பட்ட கடன் 600 டாலரோ அதற்கு மேலோ என்றால் 1099-சி படிவம் வரும், அது வருமானமாகக் கருதப்பட்டு வரி விழும். 22 சதவீத வரி வரம்பில் இருப்பவருக்கு 12,000-க்கு 2,640 டாலர். சொத்தைவிடக் கடன் அதிகம் என்று காட்ட முடிந்தால் 982 படிவம் மூலம் அந்த வரியிலிருந்து முழுவதுமாகவோ ஓரளவோ விலக்குக் கேட்கலாம். காத்திருந்த மாதங்களில் ஏறிய வட்டியும் லேட் ஃபீயும் தனி.

ஒரு கடனையாவது தீர்த்து வைப்பதற்கு முன் கட்டணம் வாங்கக் கூடாது என்று, போன் மூலம் வியாபாரம் செய்கிற செட்டில்மென்ட் கம்பெனிகளுக்கு, நுகர்வோரைப் பாதுகாக்கிற அரசு அமைப்பான எஃப்.டி.சி. 2010-இல் விதி போட்டது. முன்பணம் கேட்டாலே போனை வைத்துவிடலாம்.

தவணையெல்லாம் இன்னும் ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருக்கிற ஒருவர் செட்டில்மென்ட்டுக்குப் போவது, தன் கையாலேயே நல்ல வரலாற்றைக் கிழிப்பது. ஏற்கெனவே ஆறு மாதம் கட்டாமல் கணக்கு சார்ஜ்-ஆஃப் ஆகிவிட்டவருக்கு விஷயம் வேறு. அவருடைய ஸ்கோரில் அடி விழுந்தாயிற்று. கையில் மொத்தமாகக் கொஞ்சம் பணம் இருந்தால் அவர் கம்பெனியோடு தானே பேரம் பேசலாம், கட்டணமும் மிச்சம்.

திவால்

பெரும்பாலான கடன்களைத் தள்ளுபடி செய்கிற சேப்டர் 7 திவால், தாக்கல் செய்த நாளிலிருந்து பத்து வருடம் ரிப்போர்ட்டில் இருக்கும். நீதிமன்றத் திட்டப்படி தவணையாகக் கட்டுகிற சேப்டர் 13 பொதுவாக ஏழு வருடத்தில் போய்விடும். ஸ்கோருக்கு இதைவிடப் பெரிய அடி இல்லை. ஆனாலும் இதை வாய்விட்டுப் பேசவே வெட்கப்பட்டு, ஓய்வூதியச் சேமிப்பையெல்லாம் உடைத்துக் கார்டுக்குக் கட்டுகிறவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. ஐந்து வருடத்தில் வட்டி குறைந்தும் அடைக்க முடியாத கடன் என்றால், ஸ்கோரைக் காரணம் காட்டித் திவாலை ஒதுக்குவது சரியில்லை. ஒரு வழக்கறிஞரைப் பார்த்துப் பேச வேண்டும். 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி, திவால் தாக்கல் செய்வதற்கு முந்தைய 180 நாளுக்குள் அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தில் கிரெடிட் கவுன்சலிங் பெற்றிருக்க வேண்டும். ஆக, கவுன்சலரைப் பார்ப்பது அந்தப் பாதையிலும் முதல் படிதான்.

யார் எங்கே போகலாம்

ஸ்கோர் நன்றாக இருக்கிறது, வருமானம் நிலையாக இருக்கிறது, கார்டைத் தொடாமல் இருக்கும் கட்டுப்பாடு உண்டு என்றால் லோன். தவணை இன்னும் தவறவில்லை, ஆனால் மினிமம் கட்டினால் அசல் குறைவதே இல்லை என்றால் டி.எம்.பி., அதுவும் முதல் தவணை தவறுவதற்கு முன்பே. இந்த நிலையில் தள்ளிப்போடுகிற ஒவ்வொரு மாதமும் நஷ்டம். ஒன்றிரண்டு தவணை தவறியவருக்கும் டி.எம்.பி.தான் என் முதல் யோசனை.

டி.எம்.பி.யை நான் யாருக்குச் சொல்ல மாட்டேன் என்றால், வேலை நிலையில்லாமல் அடுத்த ஆறு மாதத்துக்கே உறுதி இல்லாதவருக்கு. மூன்று முதல் ஐந்து வருடம் விடாமல் கட்ட வேண்டிய திட்டம் இது. நடுவில் நின்றால் குறைத்த வட்டி பழையபடி ஏறிவிடும், கார்டுகளும் மூடியே இருக்கும். இன்னொன்று, திட்டம் ஓடுகிற காலத்தில் புதுக் கடன் வாங்கக் கூடாது. ஆறு மாதத்தில் கார் வாங்கியே ஆக வேண்டும் என்றால் அதை முதல் உரையாடலிலேயே சொல்லிவிடுங்கள்.

நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது

"நான்-ப்ராஃபிட்" என்ற சொல்லை மட்டும் நம்ப வேண்டாம். அமெரிடெட் என்ற நிறுவனம் அப்படித்தான் சொல்லிக்கொண்டது. வாடிக்கையாளரின் முதல் தவணையையே கட்டணமாக எடுத்துக்கொண்டது என்று 2003-இல் எஃப்.டி.சி. அதன்மீது வழக்குப் போட்டது. கவுன்சலிங் நிறுவனங்களின் கூட்டமைப்புகளான, 1951-இலிருந்து இருக்கிற என்.எஃப்.சி.சி.யிலோ எஃப்.சி.ஏ.ஏ.யிலோ உறுப்பினரா என்று பாருங்கள். திவாலுக்கு முந்தைய கவுன்சலிங் தர அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியலை நீதித் துறையின் யு.எஸ். டிரஸ்டீ புரோகிராம் தன் தளத்தில் மாநிலவாரியாக வைத்திருக்கிறது. பேச ஆரம்பித்துப் பத்து நிமிடத்திலேயே, உங்கள் செலவுக் கணக்கைக் கேட்காமலேயே, டி.எம்.பி.யில் கையெழுத்துப் போடச் சொன்னால் வேறு இடம் பாருங்கள்.

வீட்டுக் கடன் கனவு இருப்பவர்களுக்கு

டி.எம்.பி.யில் இருந்தால் வீடு வாங்கவே முடியாது என்பது உண்மையில்லை. அரசு காப்பீடு உள்ள வீட்டுக் கடனான எஃப்.எச்.ஏ. கடனில், கம்ப்யூட்டர் இல்லாமல் ஆள் பார்த்து முடிவு செய்கிற விண்ணப்பங்களுக்குக்கூட, திட்டத்தில் ஒரு வருடம் கடந்து, தவணைகள் ஒழுங்காகப் போயிருந்து, கவுன்சலிங் நிறுவனம் எழுத்தில் அனுமதி தந்தால் தகுதி உண்டு. ஒப்பிட்டுப் பாருங்கள்: சேப்டர் 7 திவாலுக்குப் பிறகு அதே எஃப்.எச்.ஏ. கடனுக்குப் பொதுவாக இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். வீட்டுக் கடன்களை வங்கிகளிடமிருந்து வாங்குகிற ஃபேனி மே நிறுவனத்தின் விதிப்படியான கடனுக்குப் பொதுவாக நான்கு வருடம்.

திட்டம் முடிகிற மாதத்தில் எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று கிரெடிட் பீரோக்களின் ரிப்போர்ட்டையும் ஆனுவல் கிரெடிட் ரிப்போர்ட் டாட் காம் தளத்தில் எடுங்கள்; வாரம் ஒருமுறை இலவசம். ஒவ்வொரு கணக்கிலும் பாக்கி பூஜ்யம் என்று இருக்கிறதா, கவுன்சலிங் குறிப்பு போய்விட்டதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த பீரோவிடம் தவறைத் திருத்தச் சொல்லி டிஸ்ப்யூட் போடுங்கள். பொதுவாக 30 நாளுக்குள் அவர்கள் விசாரித்தாக வேண்டும். பழைய கார்டுகள் எல்லாம் மூடியிருப்பதால், டெபாசிட் வைத்து வாங்குகிற ஒரு செக்யூர்டு கார்டை அப்போதே எடுத்து, மாதம் ஒரு சின்ன பில்லை மட்டும் அதில் போட்டு முழுவதும் கட்டி வாருங்கள்.